பிளெண்டர் வாங்கப் போன இடத்தில்

1

எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் நிறைகிற வாரத்தில் மிக்ஸி புகைந்து போனது.

பட்டுக்கோட்டையில் வாங்கி, புடவைகளுக்கு நடுவில் பொதிந்து, விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்த மிக்ஸி. இங்கே மலேசியாவில், ஈப்போவில், சுவரில் ப்ளக் சொருகுகிற ஓட்டைகள் சதுரமாக இருக்கும். அதற்கென்று ஒரு மாற்று ப்ளக்கை மாட்டி, இத்தனை காலமும் சட்னியும் மசாலாவும் அரைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கொன்றவள் என் மகள் ஷாலினி.

கல்லூரி விடுமுறை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். கடையில் விற்கிறார்களே, ஐஸையும் காபியையும் ஒன்றாக அடித்து நுரை பொங்க நீண்ட குவளையில் ஊற்றி, அது வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரித்தாள். "அதுல என்ன இருக்கு, வீட்டுலயே போட்டுக்கோயேன்" என்று சொல்லிவிட்டு நான் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் தலை நிமிர நேரம் இருக்காது.

சமையலறையில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் 'டப்' என்று ஒன்று. தலைக்கு மேலே மின்விசிறி நின்றது. கருகிய ரப்பர் நாற்றம் கூடம் வரை வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால், சட்னி ஜாரில் ஐஸ் கட்டிகள் முழுசு முழுசாகக் கிடக்கின்றன. ஜாருக்கு அடியில் இருக்கிற புஷ் கழன்று, பாலும் காபியும் மோட்டாருக்குள் இறங்கிவிட்டன. ஷாலினி ஒரு கையில் மூடியோடு நின்றாள்.

"இது மிக்ஸி மா. ஐஸுக்கு பிளெண்டர் வேணும்," என்றாள், தப்பு மிக்ஸியுடையது என்பதுபோல.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"ஐயோ, ஒண்ணு இல்ல லா மா. வேற வேற." 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால்.

இந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த அதிர்ச்சியே ஐஸ் போட்ட காபிதான். கல்யாணமாகி வந்து இறங்கிய மறுநாள் என் கணவர் குணசேகரன் என்னைப் பழைய டவுனில் ஒரு சீனர் காபிக்கடைக்கு அழைத்துப் போனார். பெரிய கண்ணாடிக் கிளாஸில் கறுப்பாக ஒன்று வந்தது. உள்ளே ஐஸ் கட்டிகள் மோதிக்கொண்டு மிதந்தன. சர்பத் என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். காபி! எங்கள் வீட்டில் காபி கொஞ்சம் ஆறிப்போனாலே அன்றைக்குச் சண்டைதான். என் அப்பா பஸ் கண்டக்டர். டம்ளரைத் தொட்டுப் பார்த்துச் சுடவில்லையென்றால் கத்திக்கொண்டே வாசலில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் ஐஸ் காபியை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.

"சூடான ஊரு இது. அதான்," என்றார் என் கணவர்.

அன்றைக்கு முழுவதும் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

2

என் கணவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேருமே பால் எடுக்க மரம் சீவியவர்கள். தோட்டத்தை முதலாளி விற்று, வாங்கியவர்கள் எண்ணெய்க்கான செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஆளுக்கொரு தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். இவர் சிம்பாங் பூலாயில் மலையை உடைத்துப் பளிங்குக் கல் அறுக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, கல் அறுக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர் ஆனார். குடிப்பது கிடையாது. கத்துவது கிடையாது. பேசுவதும் கிடையாது. "சாப்டாச்சா?" என்றால் "ம்." "குழம்பு எப்படி?" என்றால் "இருக்கு." அம்மா போனில் கேட்பாள், "மாப்பிள்ளை உன்கிட்ட பிரியமா இருக்காராடி?" என்று. "எனக்கென்னம்மா தெரியும், அவர் சொன்னாத்தானே" என்பேன்.

அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது ஒரே ஒரு இடத்தில்தான். அது குடிநுழைவு அலுவலகம். மலேசியக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த அலுவலகம்தான் இரண்டாவது புகுந்த வீடு. விசா முடியும்போதெல்லாம் கணவனும் கூட வந்து நிற்க வேண்டும். விடியுமுன் போய் வரிசை பிடித்து, எண் வாங்கி, நாற்காலியில் காத்திருந்து, கூப்பிட்டதும் கவுண்டருக்கு ஓட வேண்டும். இல்லாத ஒரு காகிதத்தைத்தான் அவர்கள் கேட்பார்கள். திரும்பப் போய் எடுத்து வர வேண்டும்.

வந்த புதிதில் ஒரு அதிகாரி, நல்ல மனுஷி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அடா மசாலா?" என்று கேட்டார். மசாலா இருக்கிறதா என்று கேட்கிறார், இந்தியாவிலிருந்து கொண்டு வந்தேனா என்று விசாரிக்கிறார் என்று நினைத்து, கற்றுக்கொண்டிருந்த நாலு மலாய் வார்த்தைகளையும் கூட்டி, "அடா! வீட்டில் நிறைய இருக்கு!" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். மலாயில் அந்தச் சொல்லுக்குப் 'பிரச்சினை' என்று அர்த்தமாம். பிரச்சினை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, வீட்டில் நிறைய என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் கணவர் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி, ஒரு பாட்டம் பேசினார். இத்தனை பேச்சு இந்த மனிதருக்குள் எங்கே இருந்தது என்று அசந்து போனேன். வெளியே வந்ததும் பழையபடி வாய் மூடிக்கொண்டது.

பதிமூன்று வருஷம் கழித்து எனக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. அதற்கப்புறம் அவர் கவுண்டரில் எனக்காகப் பேச வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்றால், இருட்டிருக்கும்போதே எழுந்து நான் சமைத்துவிடுவேன். எலுமிச்சை சாதமோ புளிச்சோறோ டப்பாவில் கட்டிவிடுவேன். அவர் தொழிற்சாலையின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்புவார். குனோங் ராப்பாட்டில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் சுண்ணாம்பு மலைகள் தெரியும். அந்த மலை தூளாகித்தான் சாயங்காலம் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். காலரில், காது மடலில், புருவத்தில் எல்லாம் வெள்ளைப் பொடி. துவைத்தால் தண்ணீர் அரிசி கழுவினது போலாகும்.

கொஞ்ச காலமாக அந்தப் பொடி வருவதில்லை. கேட்டேன். "தூசி இழுக்கிற மிஷின் போட்டிருக்காங்க," என்றார். எவ்வளவு நல்ல முதலாளி, இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். துவைக்கிற வேலை குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

3

பிளெண்டர் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அப்பாவும் மகளும் ஒரே குரலில் பேசினார்கள்.

ஷாலினி தன் போனில் வரிசையாகப் படங்களைக் காட்டினாள். "ஆன்லைன்ல எடுக்கலாம் மா. வீட்டுக்கே வந்துரும்."

"தொட்டுப் பாக்காம எப்படிடி வாங்குறது?" என்றேன். கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்க்காமல் கூடையில் போடாதவள் நான்.

"கடைக்கெல்லாம் போவ வேணாம்," என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். "நான் பாத்து எடுத்துட்டு வாரேன்."

அவராக வாயைத் திறந்து இவ்வளவு சொன்னதே எனக்கு ஆச்சரியம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண நாளுக்கு ரகசியமாகப் பரிசு வாங்கி வைக்கப் பார்க்கிறார்கள்! இருபது வருஷத்தில் முதல் தடவை. உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது. இவர்கள் கண்டதை வாங்கி வந்து மூலையில் போடுவதற்கு முன்னால் நானே போய் நல்லதாக ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டால், 'இதை வாங்குங்கள்' என்று ஜாடையாகச் சொல்லிவிடலாம்.

அதனால் புதன்கிழமை, அவர் வேலைக்குப் போய், மகளும் தோழி வீட்டுக்குப் போனதும், பஸ் ஏறி டவுனில் இருக்கிற பெரிய கடைத்தொகுதிக்குப் போனேன். மின்சாமான்கள் மேல்மாடியில். ஒரு மலாய்ப் பெண் வந்து என்ன வேண்டும் என்றாள். 'மிக்ஸி' என்று சொல்லக் கூடாது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவளைப் பார்த்ததும் நாக்கு உளறி "மிக்சர்" என்றேன். கேக் மாவு பிசைகிற பெரிய பாத்திரம் வைத்த யந்திரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "ஐஸ்... கோப்பி..." என்று விரலைச் சுழற்றிக் காட்டினேன்.

"ஓ, பிளெண்டர்! அங்க போங்க காக். செஞ்சு காட்டுறாங்க," என்று மூலையில் கூடியிருந்த கூட்டத்தைக் காட்டினாள். 'காக்' என்றால் அக்கா.

பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் யாரோ ஒலிவாங்கியில் மலாயில் கூவிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற எனக்கு ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது.

"மாரி, மாரி! வாங்க, வாங்க! முதல்ல குடிச்சுப் பாருங்க. வாங்குறது அப்புறம்! ஏ லெங் லூய், ஏன் தூரமா நிக்கிறீங்க?"

'மாரி' என்றால் மலாயில் வாங்க; 'லெங் லூய்' என்றால் கண்டனீஸ் என்கிற சீன மொழியில் அழகுப் பெண்ணே என்று அர்த்தம். முன்வரிசையில் நின்ற எழுபது வயதுச் சீன அம்மாள் ஒருவர் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கைப்பையால் அந்த ஆளை அடிக்க ஓங்கினார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். மலாய் பேசுகிற தொனியை வைத்தே நம்மாள் என்று தெரிந்தது. பரவாயில்லையே, நம்ம தமிழன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறான் என்று பெருமைகூடப் பட்டேன்.

"என் மனைவி இந்தியாவில் இருந்து வந்தவ," என்றது அந்தக் குரல். "காபி ஆறிப்போச்சுன்னா அவளுக்குக் கோபம் வந்துரும். அவ டிகாஷன் எறக்குனா எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளிய வருவாரு, அப்படி ஒரு வாசனை. அவளுக்குத் தெரியாம நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த டிகாஷனையே ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வச்சிட்டேன். இப்ப ஐஸ் கரைஞ்சாலும் காபி. தண்ணி இல்ல!"

கூட்டம் "ஆகா!" என்றது.

நான் இரண்டு பேருக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். சிவப்பு ஏப்ரன், சிவப்புத் தொப்பி, கன்னத்தோடு ஒட்டிய ஒலிவாங்கி. காலையில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து சிம்பாங் பூலாய்க்கு அனுப்பி வைத்த என் கணவர்.

4

அதிர்ச்சியில் மூளை எவ்வளவு முட்டாள்தனமாக வேலை செய்கிறது பாருங்கள். பரிசு வாங்க லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், கடைக்காரர்கள் விளையாட்டுக்கு ஏப்ரனை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம், இவர் அவரில்லை, அவர் ஜாடையில் வேறு யாரோ என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் அந்தப் பொடி படாத காலர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

கை ஸ்விட்சில் இருந்தது. யந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐஸ் எல்லாம் எப்போதோ அரைந்து கூழாகிவிட்டது, அவர் நிறுத்தவில்லை. பக்கத்தில் டேப்லெட்டோடு நின்ற சீன மேற்பார்வையாளர், முப்பது வயதுப் பெண், "குணா! மோட்டார்!" என்று அதட்டினாள். நிறுத்தினார். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"வாங்கக்கா. முன்னால வாங்க."

அக்கா! கட்டின மனைவியை அக்கா என்று கூப்பிட்ட மனிதரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

அப்போதே திரும்பி நடந்திருக்கலாம். அல்லது அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம். ஆனால் எனக்கு வழி விட்டுக் கூட்டம் ஒதுங்கியது, நான் முன்னால் போய் நின்றேன். என் வாயிலிருந்து யாரோ பேசுவதுபோல வந்தது.

"ஐஸ் காபி போட ஒரு மிஷின் வேணும். என் மகளுக்கு. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார். அதான் நானே வந்தேன்."

"சரி... பரவால்லக்கா. காட்டுறேன்."

ஐஸ் கட்டி ஒன்று அவர் கையிலிருந்து தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். "மொதல்ல ஜார கவுத்து அடிய பாக்கணும்க்கா. சுத்துற பல்லு ரப்பரா இருந்தா எடுக்காதீங்க, ஐஸ் அடிக்க அடிக்க தேஞ்சிரும். இரும்புல இருக்கணும். கண்ணாடி ஜாரு பாக்க அழகா இருக்கும். ஆனா சூடா டிகாஷன ஊத்தி அதுமேல ஐஸ போட்டா விரிஞ்சிரும். சூட்டோட மூடி போட்டு ஓட்டவும் கூடாது, ஆவி தூக்கி அடிக்கும், மூஞ்சியெல்லாம் வெந்திரும். ஆற வச்சி ஊத்தணும். பாலுதான் மொதல்ல, ஐஸ் கடைசியில. ஐஸ மொதல்ல போட்டா கத்தி சுத்தாம நின்னுரும். ஒரே அமுக்கா அமுக்காம விட்டு விட்டு அமுக்கணும். சட்னி அரச்ச ஜாருல காபி போட்டா காபில வெங்காய வாடைதான் வரும்..."

இருபது வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதில் மிக நீளமான பேச்சு அது. ஒரு வார்த்தையும் எனக்கு மனதில் ஏறவில்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது.

"கேரண்டி உண்டா?" என்றேன்.

"ரெண்டு வருஷம்க்கா."

"அதுக்குள்ள திடீர்னு நின்னுபோச்சுன்னா? வீட்ல சொல்லுவாங்களா, இல்ல சொல்லாம மறைச்சிருவாங்களா?"

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார். தமிழ் தெரியாத கூட்டம் விலை பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சீன அம்மாள் என் முழங்கையைத் தட்டி, மலாயில், "நல்ல ஆளு. தினமும் வந்து பாக்குறேன். பொய் சொல்ல மாட்டான். நம்பி வாங்கு," என்றார்.

என் கணவர் குனிந்து குட்டிக் காகிதக் கோப்பை ஒன்றில் காபியை ஊற்றி என்னிடம் நீட்டினார். நீட்டும்போது ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, உதடு அசையாமல், "மகேசு, இத எடுக்காத. கீழ் தட்டுல கறுப்பு கலர்ல ஒண்ணு இருக்கு, அத எடு," என்றார்.

கோப்பையை வாங்கிக் குடித்தேன். என் டிகாஷன்தான். எப்போது எடுத்தார், எதில் ஊற்றிக்கொண்டு வந்தார், ஒன்றும் தெரியாது. கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு காசு கட்டும் இடத்துக்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. எந்த பஸ்ஸில் ஏறினேன், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பது இன்றைக்கும் நினைவில்லை.

5

ஷாலினி முதலில் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் பெட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க மா?"

என்ன மாடல் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப்போட்டது.

"உனக்குத் தெரியுமா?"

அவள் பையைக் கழற்றாமல் நின்றாள். "அப்பா சொல்ல வேணாம்னு சொன்னாரு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஃப்ரெண்ட்ஸோட படம் பாக்கப் போனேன்ல. அங்க பாத்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு மா. அவங்க எல்லாம் வரிசையில நின்னு காபி வாங்குறாங்க. நான் பேசாம போயிரலாம்னுதான் நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் சொல்லிட்டேன், இவருதான் எங்க அப்பான்னு. அவரு எனக்கு மட்டும் பெரிய கப்புல குடுத்தாரு."

இந்தப் பெண்ணைப் பற்றி எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், பட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போனால் போனை விட்டு நிமிர மாட்டேன் என்கிறாள், நம் பிள்ளையாகவே இல்லை, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று. அத்தனை பேர் முன்னாலும் 'எங்க அப்பா' என்று சொல்லியிருக்கிறாள். நான் அதே இடத்தில் 'எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழக்கமான நேரத்துக்கு அவர் வந்தார். வழக்கம்போல நீலச் சட்டை. கடைத்தொகுதிக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வந்திருப்பார் போல. வாசலிலேயே நின்றார். நான் ஏதாவது கேட்பேன் என்று பார்த்தார். நான் கேட்கவில்லை. எனக்கு வார்த்தை வரவில்லை, இதுவும் எனக்குப் புதிது. என் பிறந்த வீட்டுப் பழக்கம் கத்தித் தீர்ப்பது. என் அப்பா டெப்போவில் யாரோடாவது தகராறு செய்துவிட்டு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்னே தெரு முழுக்க விஷயம் தெரிந்திருக்கும். வாயடைத்து உட்காருவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அவர் உள்ளே வந்து பெட்டியைப் பிரித்தார். ஜாரைக் கழுவினார். கத்தியை மாட்டினார். பிரிட்ஜில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஐஸ் தட்டை எடுத்தார். கறுப்புக் கட்டிகள். பாலை ஊற்றி, சீனி போட்டு, கடைசியில் கட்டிகளைப் போட்டு மூடினார். அமுக்கினார். வீடு அதிர்ந்தது. விட்டார்.

"கல்லு அறுக்கிற செக்ஷன மூடிட்டாங்க," என்றார், ஜாரைப் பார்த்துக்கொண்டே. "வயசான ஆளுங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

அமுக்கினார். விட்டார்.

"சொல்லணும்னுதான் வந்தேன் அன்னைக்கி. நீ தச்சிக்கிட்டு இருந்த."

அமுக்கினார். விட்டார்.

"தோட்டத்த வித்தப்ப எங்க அப்பா வந்து சொன்னாரு. அன்னைக்கி அம்மா அடுப்பு பத்த வைக்கல. வெளக்கும் போடல. நாங்க அஞ்சு பேரும் சுவத்துல சாஞ்சி அப்படியே உக்காந்திருந்தோம். யாரும் அழுவக்கூட இல்ல. நீ அந்த மாதிரி உக்காந்திருக்கிறத நான் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு உக்காருறேன்?" எனக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "நான் கத்தியிருப்பேன்!"

"கத்தியிருப்ப. அதுவும் தெரியும்."

ஷாலினி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கையில் வேலை இருந்தால்தான் இந்த மனிதருக்கு வாய் திறக்கும் என்பதை இத்தனை காலம் நான் கவனிக்கவே இல்லையே என்று ஜாரில் சுழல்கிற நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பேச்செல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன். "லெங் லூய், கிங் லூய்னு..."

"கல்லு அறுக்கிற எடத்துல எல்லாரும் சீனங்கதானே, பாஷை தெரியும். பேசத்தான் தெரியாது." மூடியைத் திறந்தார். "மொத நாளு வாயே வரல மகேசு. மைக்க மாட்டிக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் நிக்கல. அந்தப் பொண்ணு நாளைக்கி வர வேணாம்னு சொல்லிருவான்னு பயம். என்ன பேசுறதுன்னு தெரியல. ஒன்ன பத்தி பேசுனேன். நின்னாங்க."

மூன்று குவளைகளில் ஊற்றினார்.

நல்ல காபி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உடனே சமாதானமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போனது பெரிதில்லை, இங்கே யாருக்குத்தான் போகவில்லை. மாதக்கணக்கில் தினமும் என்னிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு போய், சாமான் இறக்குகிற இடத்தில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாரே. அதை நினைத்தால் கோபம் வரும். என்னை அப்படி வர்ணித்த வார்த்தைகளை முன்பின் தெரியாத நூறு பேர் கேட்டார்கள், நான் மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகக் கேட்க வேண்டியிருந்ததே. அதை நினைத்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலையில் அவர் அந்த நீலச் சட்டையைத் தேடினார். நான் அதை ஊற வைத்துவிட்டேன். வேறு சட்டையில் போனார்.

6

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், வீட்டு முன்கட்டிலேயே பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அண்ணியும் பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு கை காட்டினார்கள்.

"எங்க நம்ம சூப்பர்வைசர் மாப்ள? ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை, அதுவாகவே வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. ஆமா, ஓவர்டைம் என்று சொல்லப் போனேன். இவர் மீது அத்தனை கோபத்தில் இருந்தவள்! எனக்கே பகீரென்றது.

அடுப்படியில் இருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் போனுக்குக் கையை நீட்டினார். எங்கள் அண்ணனிடம் அவர் இதுவரை பேசியதெல்லாம் "நல்லா இருக்கேன் மச்சான், நீங்க?" மட்டும்தான். தயங்கிக்கொண்டே கொடுத்தேன்.

"மச்சான், அந்த வேல போயிருச்சு," என்றார். "கொஞ்ச மாசம் ஆச்சு. மகேசுக்கே இப்பதான் தெரியும். இப்ப ஒரு மால்ல பிளெண்டர் ஓட்டிக் காட்டி விக்கிறேன்."

படம் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணி பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொன்னாள். பாவம் என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ, இல்லை ஊருக்கே வந்துவிடுங்கள் என்பாரோ.

அண்ணன் செருமினார்.

"ஏன் மாப்ள, அந்த மிஷின்ல இட்லி மாவு ஆட்டலாமா?"

"முடியாது மச்சான்." இவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "மாவு கெட்டியா இருக்குல்ல, மோட்டாரு பொகஞ்சிரும். சட்னிக்கு ஆவும், ஜூஸுக்கு ஆவும். ஐஸு அடிக்கணும்னா மட்டும் அடியில இருக்கிற பல்ல பாக்கணும். ஒங்க கடையில எந்த மாதிரி விக்கிறீங்க? அந்த ஜார கொஞ்சம் கவுத்து காட்டுங்க."

அண்ணன் எழுந்து கடைப்பக்கம் நடப்பது போனில் ஆடி ஆடித் தெரிந்தது. ஒரு ஜாரைத் தலைகீழாகப் பிடித்தார். இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது ரப்பரு மச்சான். தேஞ்சிரும். வாங்குறவங்ககிட்ட சொல்லி விக்கணும்." அண்ணன் என்னவோ கேட்டார். இவர் என்னவோ சொன்னார். அண்ணன் சிரித்தார். இவரும் சிரித்தார். நானும் ஷாலினியும் வாயைப் பிளந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

"லைன்ல இருங்க மச்சான், ஓட்டிக் காட்டுறேன்," என்று போனைச் சீனி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஐஸ் எடுக்கப் போனார்.